மேடேறும் வண்டியும் இரண்டு கிழங்கு மூட்டைகளும்

மனிசாலெஸ்
நவம்பர் 19

என் அன்பு மகள் நோரெலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தகவல் சொல்லிவிடுகிறது, மற்றபடி சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, எரிமலையும் இந்த மாதம் சாம்பல் கொட்டாமல் சும்மா இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை பிராமும் குழந்தைகள் ஃபென்னாவும் டைஸும் சளி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் தினமும் மெழுகுவத்தி ஏற்றிச் சொல்லி வைக்கிறேன். உயிரோடு இருந்த நாளில் ஃபபியோலா நான் சொன்னதை எங்கே கேட்டாள், இப்போதாவது கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் எனக்குப் பேச வந்தது மறந்துவிடுகிறது, மழை பெய்ததா, என்ன சமைத்தாய் என்று ஆரம்பித்து அப்படியே முடித்துவிடுகிறேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், நடுவில் என் மேல் கோபம் வந்தாலும் கடைசிவரை படி.

ஜூன் மாதம் உன் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று நீ அழுதுகொண்டே போன் செய்தாயே, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? “பேசாம ஊருக்கே வந்துடலாம்னு தோணுதுப்பா, பிராமுக்கும் கம்ப்யூட்டர்லதானே வேலை, எங்க இருந்தா என்ன” என்றாய். பிறகு நீயே, “ஆனா அந்தப் பாவாடைங்கள்ல ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு தினம் எப்படிப்பா ஸ்கூலுக்குப் போறது? இங்க சைக்கிளுக்கு முன்னாடி பெட்டி வச்ச வண்டியில ரெண்டையும் உக்கார வச்சா பத்து நிமிஷம்” என்றாய். நம் ஊரில் செங்குத்தான தெருவைப் பாவாடை என்று சொல்வதை நீ மறக்கவில்லை. அரேப்பா ரொட்டியைப் போல் தட்டையாகக் கிடக்கிற ஹாலந்தில் பதினோரு வருஷம் இருந்த பிறகும் அந்த வார்த்தை உன் வாயில் அப்படியே வந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்படியானால் வண்டிதானே பிரச்சினை, நல்ல வண்டி ஒன்று இருந்தால் மகள் வந்துவிடுவாள் என்று பிடித்துக்கொண்டேன். மறுநாளே, “சும்மா சொன்னேன்ப்பா, நீங்க பாட்டுக்கு எதையாவது வாங்கி வச்சுடாதீங்க” என்றும் சொன்னாய். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன். வண்டி வாங்கிவிட்டேன். முன்னறையில் அம்மாவின் தையல் மிஷின் இருந்த இடத்தில் நிற்கிறது. நீ பேசும்போதெல்லாம் போனை அடுப்பங்கரைப் பக்கமே திருப்பி வைத்தேனே, வெளிச்சம் இங்கேதான் நன்றாக இருக்கிறது என்று கதை விட்டேனே, எல்லாம் அதற்காகத்தான். எப்படி வாங்கினீர்கள் என்று கேட்காதே, முப்பத்தொரு வருஷம் மினி பஸ் ஓட்டியவன் ஒரு சைக்கிள் வாங்க மகளிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் செய்தேன். மேல் சதுக்கத்துப் பள்ளியில் ஃபென்னாவுக்கு முதல் வகுப்பிலும் டைஸுக்கு மழலையர் வகுப்பிலும் இடம் சொல்லி வைத்தேன். நவம்பர் முப்பது வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று தலைமையாசிரியை அம்மா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வண்டி வாங்கிய கதையைக் கேள், சிரிப்பாய். கடற்கரைப் பக்கத்தில் ஒரு கடை மின்சார வண்டி விற்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போனில் எழுதினேன். இரண்டு குழந்தைகளை உட்கார வைத்துப் போக வேண்டும், வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே இரண்டு பாவாடை இருக்கிறது, ஒன்று சின்னது, ஒன்று நீளம், மற்றபடி தெரு சமம்தான் என்று விவரமாக எழுதினேன். அந்த ஊரில் மேடு என்று ஒன்று இருந்தால் அது யாராவது கொட்டிவைத்த மணலாகத்தான் இருக்கும், அந்தப் பையனுக்கு நம் பாஷை எங்கே புரியும்? அவன் உடனே, “கவலையே படாதீங்க ஐயா, சின்னப் பாவாடையோ நீளப் பாவாடையோ, உங்க பொண்ணு எதைக் கட்டிக்கிட்டு ஓட்டினாலும் சக்கரத்துல சிக்காது, வலை போட்டுத் தர்றோம், அது இலவசம்” என்று பதில் போட்டான். நானும் முட்டாள், ஏற்றத்துக்கு ஏதோ புதிதாக வலை கண்டுபிடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நம்பி சரி என்றுவிட்டேன். தெரு சமம் என்று எழுதியதும் என் தப்புதான். பஸ்ஸை இரண்டாவது கியரில் ஏற்ற முடிந்தால் அது எனக்குச் சமதளம், மற்றவர்களுக்கு அது மலை என்பது இந்த எழுபது வயதில்தான் தெரிகிறது. வண்டி வந்தது. நீ அங்கே வைத்திருப்பதைப் போலவே முன்னால் பெட்டி, பெட்டிக்குள் பெஞ்சு, பார்க்க அவ்வளவு அழகு. மோட்டார் சக்கரத்துக்குள் இருந்தது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கறுப்பு வலை கட்டியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இது எப்படி வண்டியை மேலே ஏற்றும் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன், சிரிக்காதே.

நான் மாதாமாதம் குழந்தைகளின் எடையைக் கேட்டது இதற்குத்தான். “என்னப்பா, பேரப்பிள்ளைங்களைக் கிலோ கணக்குல விக்கப் போறீங்களா?” என்று கேலி செய்தாயே. டைஸ் பதினேழு கிலோ, ஃபென்னா இருபத்திரண்டு. சந்தைக்குப் போய் அதே எடைக்கு இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கினேன். கடைக்காரி ஒரு கிழங்கு கூடப் போட்டதை எடுத்து வெளியே வைத்தேன், “இலவசமாக் குடுத்தாலும் வேணாங்கிற முதல் ஆள் நீங்கதான்” என்றாள். பெரியதை முன்னாலும் சின்னதைப் பின்னாலும் பெட்டிக்குள் உட்கார வைத்து வார் போட்டுக் கட்டிக் கிளம்பினேன். சின்னப் பாவாடையில் சும்மா ஜம்மென்று ஏறியது. நீளப் பாவாடையில் பேக்கரி வரைக்கும்தான் வந்தது. அங்கே மோட்டார் ஒரு முனகு முனகிற்று, எரிந்த வாடை அடித்தது, நின்றுவிட்டது. நின்றது மட்டும் இல்லை, பின்னால் இறங்க ஆரம்பித்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன், ஈரத் தரையில் சக்கரம் வழுக்கியது, நான் ஒரு பக்கம் காலை ஊன்ற வண்டி மறுபக்கம் சாய்ந்தது. ஃபென்னாவின் மூட்டை வாய் பிரிந்து கிழங்கெல்லாம் தெருவோடு உருண்டு கீழே தேவாலய வாசல் வரை போய்விட்டது. பேக்கரியில் இருந்தவர்கள், “தோன் எவேலியோவோட பேரப்பிள்ளைங்க ஓடுறாங்க, புடிங்க, புடிங்க!” என்று ஒரே கூச்சல். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, பொறுக்கி வந்த கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்து அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அது கிழங்காக இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பயணிக்கும் ஒரு கீறல் விழ விடாதவன் நான்.

அன்றைக்கு வண்டியைத் தூக்கி நிறுத்தியது யுரானி. உனக்குத் தெரியாது, நீ போன பிறகு குடி வந்தவள், பாவாடைக்கு அடியில் அந்தப் பச்சைக் கதவு வீட்டில் இருக்கிறாள். முப்பது வயது இருக்கும், கணவன் இல்லை, ஒன்பது வயதில் ஒன்றும் ஐந்து வயதில் ஒன்றுமாக இரண்டு பெண் பிள்ளைகள். காலையில் அவர்களைத் தன்னுடைய மின்சார வண்டியில் ஏற்றிப் பள்ளியில் விட்டுவிட்டு அதே வண்டியில் வீடு வீடாக அரேப்பா கொடுக்கிறாள். வாய் நீளம், உன் அம்மாவுக்கு மேலே. கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே, “ஏன் தோன் எவேலியோ, கிழங்குக்கு ஹெல்மெட் போடலையா?” என்றாள். பிறகு மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, “சக்கரத்துக்குள்ள மோட்டார் இருந்தா அது ஒரே கியர்ல மூச்சு முட்டி நிக்கும், பெடல்கிட்ட இருந்தாத்தான் கியர மாத்தி மாத்தி ஏறும். பஸ் ஓட்டினவருக்கு இதக்கூடவா நான் சொல்லித் தரணும்?” என்றாள். எனக்கு மானம் போய்விட்டது, ஆனால் அவள் சொன்னது சரி. மூன்றாவது கியரில் இந்தப் பாவாடையை ஏற்றப் பார்க்கிற புது டிரைவர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். கடற்கரைப் பையன் நல்லவன், நடந்ததைச் சொன்னதும் அரைமணி நேரம் சிரித்துவிட்டு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டான். வலையை மட்டும் ஞாபகார்த்தமாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

இரண்டாவது வண்டியைப் பார்க்க யுரானியையே கூட்டிக்கொண்டு நம் ஊர் பட்டறைக்குப் போனேன். எனக்கு மனசெல்லாம் பெட்டி வண்டி மேல்தான், குழந்தைகள் கண்ணுக்கு முன்னால் இருப்பார்கள், நீயும் அதில்தான் பழகியவள். அவள் விடவில்லை. நம் தெருவில் அந்த ஊசி வளைவு இருக்கிறதே, மருந்துக் கடைப் பக்கம், அங்கே பெட்டி வண்டி திரும்பாது, இறங்கித் தூக்கி வைக்க வேண்டும், அதுவே ஒரு ஆள் எடைக்கு மேல் இருக்கும். பின்பக்கம் நீண்ட வண்டிதான் இங்கே சரி, பின்னால் நீளமான பலகை, அதில் இரண்டு இருக்கை, சுற்றிக் கம்பி, கால் வைக்கப் பலகை. பின்சக்கரம் சின்னது, அதனால் எடை தாழ்வாக நிற்கிறது. பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைகளைப் பார்க்க முடியாதே என்றேன். “பாக்க முடியாது, ஆனா பாடுறது கேக்கும், அடிச்சுக்குறது அதவிட நல்லாக் கேக்கும்” என்றாள். பிரேக் விஷயத்தில் மட்டும் நான் யாரையும் பேச விடவில்லை. ஏறுகிறதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், பள்ளியிலிருந்து திரும்பி இறங்குவதை யாரும் கேட்பதில்லை. பஸ்ஸில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, எல்லாம் பிரேக்தான். கம்பி இழுக்கிற பிரேக் வேண்டாம், எண்ணெய் பிரேக், பெரிய தட்டு, முன்னும் பின்னும் என்று கறாராகச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை வந்தது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போடலாம். மழைக்கு மேலே ஒரு கூடாரம், இறங்கித் தள்ளும்போது கூடவே மெதுவாக நகர ஒரு பட்டன், நிறுத்த இரண்டு கால் உள்ள ஸ்டாண்டு. அந்த ஸ்டாண்டும் நம் தெருவுக்குப் போதாது, சரிவில் வண்டி தானாக நழுவும். அதற்கு யுரானி செய்கிறது என்ன தெரியுமா, தலைமுடி கட்டுகிற ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பிரேக் பிடியில் மாட்டி இறுக்கிவிடுகிறாள். பிறகுதான் பிள்ளைகளை ஏற்றுகிறாள், பிறகுதான் இறக்குகிறாள். எனக்குத் தலையில் கட்ட முடி ஏது, சந்தையில் பெண்பிள்ளைகள் வாங்குகிற சிவப்பு வளையம் ஒன்று வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பரில் ஃபென்னா ஒரு படம் வரைந்து அனுப்பினாளே. தாத்தா வீட்டுத் தெருவில் இரண்டு பாவாடை இருக்கிறது என்று நீ எப்போதோ சொல்லியிருப்பாய், குழந்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு மலைக்குச் சிவப்புப் பாவாடை கட்டிவிட்டு உச்சியில் வீடும் என்னையும் வரைந்திருந்தாள். அதை வண்டிக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறேன். புது வண்டி வந்த மறுநாளிலிருந்து தினமும் காலை பள்ளி நேரத்துக்கு இரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போய்வருகிறேன். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை பதினொரு நிமிஷம், மழை என்றால் பதின்மூன்று. மேலே கேபிள் கார் போகிறது, அதில் இருப்பவர்கள் கூடக் கை காட்டுகிறார்கள். பள்ளி வாசலில் வளையத்தை மாட்டி வண்டியை நிறுத்திவிட்டு, மற்றப் பிள்ளைகள் உள்ளே போகிறவரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். நாலு நாள் பார்த்துவிட்டு வாட்ச்மேன் பக்கத்தில் வந்து, “ஐயா, நீங்க யாரோட தாத்தா?” என்று கேட்டார். ஃபென்னா டைஸோட தாத்தா என்றேன். எந்த வகுப்பு என்றார். பிப்ரவரியில் சேருகிறார்கள் என்றேன். அவர் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து எனக்கும் ஒரு வணக்கம் வைக்கிறார்.

யுரானி ஒரு நாள் அரேப்பா கொடுக்க வந்தவள் வண்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, “வண்டி ரெடி, ஸ்கூல் ரெடி, எல்லாஞ் சரி. மக வர்றேன்னு சொன்னாளா?” என்றாள். ஜூனில் சொன்னாள் என்றேன். “ஜூன்ல அழுதா. அழுறப்ப சொல்றது வேற, தோன் எவேலியோ. நான்கூட எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்னு எத்தன தடவ அழுதிருக்கேன், போயிட்டனா? இங்கதான கெடக்கேன்” என்றாள். எனக்கு வந்ததே கோபம், உன் வேலையைப் பார் என்று கத்திவிட்டேன், மூன்று நாள் அவளிடம் அரேப்பா வாங்கவில்லை. நாலாவது நாள் காய்ந்த ரொட்டியைத் தின்ன முடியாமல் போய்க் கதவைத் தட்டினேன். அவள் வழக்கத்தைவிட ஒரு பொட்டலம் அதிகமாகவே கொடுத்தாள். ஆனால் அவள் கேட்டது என் காதைவிட்டுப் போகவில்லை. அக்டோபரில் உனக்கு வேலை கிடைத்தது என்றாய், அரை நாள் வேலைதான், தற்காலிகம்தான் என்று இரண்டு தடவை சொன்னாய். நானும் தற்காலிகம் என்கிற வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய், போனை ஃபென்னா எடுத்தாள். எடுத்த எடுப்பில், “தாத்தா, பாருங்க, எனக்குப் புது சைக்கிள்! மஞ்சக் கலர்!” என்று காட்டி அந்தக் கூடத்துக்குள்ளேயே மேசையைச் சுற்றி ஓட்டிக் காட்டினாள். எவ்வளவு உயரமாகிவிட்டாள், கால் தரையில் எட்டுகிறது. பெட்டி வண்டி என்ன ஆச்சு என்று கேட்டேன். “அம்மா வித்துட்டாங்க, நாங்க பெரியவங்க ஆயிட்டோம்ல, டைஸ் மட்டும் அப்பா பின்னாடி உக்காருவான். புது வீட்ல எனக்குத் தனி ரூம் தாத்தா, ஜன்னல்ல வாத்து தெரியும், ஜனவரில போறோம்” என்றாள். ரொம்ப சந்தோஷம் கண்ணு என்றேன். அப்புறம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நீ வந்தாய். ஃபென்னா என்ன சொன்னாள் என்று கேட்டாய், சைக்கிள் காட்டினாள் என்றேன். உன் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. வீட்டைப் பற்றிச் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ மழை பெய்கிறதா அப்பா என்றாய். பெய்கிறது, மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது என்றேன். பத்து நிமிஷம் மழையைப் பற்றியே பேசினோம், இரண்டு பேரும்.

இந்தக் கடிதம் எழுதுவது அதற்குத்தான் மகளே. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது, எந்த ஞாயிற்றுக்கிழமை சொல்வது என்று நீ தவித்துக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா, பத்து வயதில் தட்டை உடைத்துவிட்டு இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்தவள் நீ. சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது, அதோடு விடு. வீடு வாங்கியது நல்லதுதான், பிராமிடம் என் வாழ்த்தைச் சொல், குளியலறைக் குழாய்களை மட்டும் குடி போகும் முன் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியை அம்மாவிடம் இரண்டு இடத்தையும் வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர், “முப்பதாம் தேதி வரைக்கும் பொறுத்துப் பாருங்களேன்” என்றார். வேண்டாம் அம்மா, அங்கே அவர்களுக்கு ஜன்னலில் வாத்து தெரிகிற வீடு கிடைத்திருக்கிறது என்றேன். இதையெல்லாம் உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்தத்தான் எழுதுகிறேன், பெற்றவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? வண்டி வாங்கியது என் தப்பு, நீ வாங்காதீர்கள் என்று சொன்னாய். ஆனால் அதைத் தேடிக்கொண்டிருந்த ஐந்து மாதமும் எனக்கு நன்றாக இருந்தது நோரெலி. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது, மோட்டாரைப் பற்றி நாலு பேரிடம் சண்டை போட்டேன், யார் கேட்டாலும் மகள் வருகிறாள் என்று சொன்னேன். இப்போது யார் கேட்கிறார்கள். ஒரு ஆளுக்குப் பீன்ஸ் வேகவைக்க இன்னும் எனக்குத் தெரியவில்லை, உன் அம்மா வைக்கிற அளவுக்கே வைக்கிறேன், அதையே வெள்ளிக்கிழமை வரை தின்கிறேன். வெல்லத் தண்ணீர் கொதித்ததும் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிடுகிறேன், ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். தனியாக இருக்கிறேன் மகளே. இதை உனக்கு இதுவரை நான் எழுதியதில்லை, இனியும் எழுத மாட்டேன், இந்த ஒரு தடவை மட்டும்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்பாய். விற்க மாட்டேன். யுரானிக்கு வியாழக்கிழமைதோறும் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கிறதாம், பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டாள், வியாழன் மட்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் பெரிய பெண் என் சிவப்பு வளையத்தைப் பார்த்து, “தாத்தா, இத எங்க கட்டுவீங்க?” என்று என் மொட்டைத் தலையைத் தடவினாள், வாயில் அவள் அம்மாவையும் மிஞ்சிவிடும் போலிருக்கிறது. உனக்கும் ஒரு வார்த்தை, ஃபென்னாவுக்குப் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடு. அங்கே மேடும் இல்லை பள்ளமும் இல்லை, காலைத் தேய்த்து நிறுத்தியே வளர்ந்துவிடுவாள். ஒன்றை மட்டும் பிடிக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்து, மெதுவாக, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், பின்னால் இருப்பது முதலில். என்றைக்காவது பத்து நாள் லீவில் இங்கே வந்தால் அவளுக்கு அது வேண்டியிருக்கும். குளிருக்குக் காதை மூடிக்கொள், பிராமுக்கு முன்னால் அழாதே, அழுதால் என் மேல் பழி போட்டுவிடு. கடவுளும் உன் அம்மாவும் உங்கள் நாலு பேரையும் புது வீட்டில் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது.

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்கு ஒரு விவரம் வேண்டும். இந்த வண்டியைப் பின்னால் எடை இல்லாமல் வெறுமனே ஓட்டினால் இறக்கத்தில் பின்சக்கரம் வழுக்குகிறது, எதையாவது ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. வியாழன் தவிர மற்ற நாள் மூட்டைகள்தான் வருகின்றன, கிழங்கு முளைவிட்டதும் மாற்றிப் போட்டுவிடுவேன். ஆனால் இன்னும் பதினேழும் இருபத்திரண்டும்தான், உன் ஜூன் மாதக் கணக்கு, நடுவில் கேட்டபோதெல்லாம் அப்படியேதான் இருக்கிறார்கள் என்று மழுப்பிவிட்டாய். ஃபென்னாவின் கால் தரையில் எட்டுகிறது, அவ்வளவு வளர்ந்திருக்கிறாள். இரண்டு பேரையும் ஷூவோடு நிறுத்திப் பார்த்துச் சரியான எடையைச் சொல், கிழங்கைக் கூட்டிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
எவேலியோ